கத்தி படாத இறைச்சி

கத்தியோடே பிழைத்த கமலநாதனுக்குக் கத்தி என்றால் பயம் வந்தது அறுபதைத் தாண்டிய பிறகுதான்.

தம்போயில் ஒரு டயர் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவே, கடைவீட்டின் பின்பக்கம், அவருடைய சமையல் கூடம். கல்யாணம், காதுகுத்து, கோயில் படையல் என்று ஜொகூர் பாருவைச் சுற்றி எங்கே பந்தி போட்டாலும் ஆட்டுக்கறி மட்டும் அவர் கையால்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முழு ஆட்டை மேசையில் கிடத்தி, விரலால் மூட்டைத் தடவிப் பார்த்து, பாராங் கத்தியை ஒருமுறை இறக்குவார். எலும்பு சிதறாது. அவர் வெட்டிய கறியில் எலும்புச் சில்லு பல்லில் நெருடியதாக இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

“ஆடு செத்ததே அதுக்குத் தெரியாதுண்ணே. அவ்ளோ மரியாதையா வெட்டுறீங்க,” என்பார் அய்யாவு. கமலநாதனோடு கூடவே அடுப்படியில் நிற்கிறவர். வயதில் சற்று இளையவர், வாய் மட்டும் மூத்தது.

“நீ பேசுறதைக் கேட்டுத்தான்டா அது செத்துச்சு.”

உடம்பில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுகொண்டது மனைவி கஸ்தூரி. குளியலறைக்குள் போனவர் வர நேரமாவதைப் பார்த்துக் கதவைத் தட்டினாள்.

“என்னங்க, உள்ள பைப்பு ரிப்பேர் பண்றீங்களா?”

“வரணும்ல. வந்தாத்தானே நான் வர முடியும்.”

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே ஸ்கேன், பிறகு ஊசிபோட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது. முடிவு சொல்ல உட்கார்ந்திருந்தவர் டாக்டர் கிருஷ்ணகுமாரி. பெண் டாக்டர் என்று தெரிந்ததும் கமலநாதன் வாசலோடு திரும்பப் பார்த்தார். கஸ்தூரி முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள்.

டாக்டர் ஒரு தாளில் மூத்திரப்பையை வரைந்து, அதற்குக் கீழே வட்டமாக ஒன்றைப் போட்டார். “டுக்குப் பழம் அளவு, சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும், ஐயா. ஆம்பிளையளுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. புரோஸ்டேட். அதுக்குள்ள கான்சர் வந்திருக்கு.” யாழ்ப்பாணச் சாயல் கொஞ்சம் மிச்சமிருந்த பேச்சு. பேனா முனையால் வட்டத்தின் விளிம்பைத் தொட்டார். “ஆனா பாருங்கோ, இந்தத் தோலுக்குள்ளதான் நிக்குது. வெளிய போகேல்ல. இப்பவே சுரப்பியை எடுத்துப் போட்டா நல்லது.”

கமலநாதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கத்தி வைக்கணுமா?”

“ஓம். சின்னச் சின்ன ஓட்டைதான்.”

அவர் எழுந்து கும்பிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார், “கத்தி படக்கூடாது. பட்டா பரவிடும்.”

அவருக்கு இது யாரோ சொன்ன கதையல்ல. அய்யாவுவின் அண்ணன் செடெனாக் பக்கம் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பனைமரம் சாய்ந்தாலும் தோளில் தாங்கிவிடுவார் போன்ற உடம்பு. வயிற்றுவலி என்று போனார். திறந்து பார்த்தார்கள், அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வேட்டி கட்டி நிமிர்ந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. சாவு வீட்டில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததைக் கத்தி எழுப்பிவிட்டது, காற்றுப் பட்டுவிட்டது, அதனால் பரவிவிட்டது. கமலநாதன் அந்தப் பந்தலில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர். அன்று காதில் விழுந்தது உள்ளேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அறுவைக்கு ஒரு தேதி வந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தொலைபேசி அடித்தால் “மசாலா வறுக்கிறேன், அப்புறம் பேசுங்க” என்று வைத்துவிடுவார். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. தோலுக்குள் நிற்கிற ஒன்று அதுவரை நிற்குமா என்பதும் தெரியாது. கஸ்தூரி அழுதுபார்த்தாள், சாப்பிடாமல் இருந்துபார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

மகள் பிரவீனா பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கிறாள். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், “செல்லு வளர்க்குறா” என்பார் கமலநாதன், கோழி வளர்ப்பதைச் சொல்வதுபோல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் நேரே சமையல் கூடத்துக்கே வந்தாள். அப்பா இஞ்சி சீவிக்கொண்டிருந்தார். அய்யாவு குவாலிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தி வெச்சா பரவும்னு யாருப்பா சொன்னா?”

“யாரும் சொல்லல. அய்யாவுவோட அண்ணனை நான் கண்ணால பார்த்தேன்.”

“நீங்க பார்த்தது அவர் செத்ததை. பரவுனதைப் பார்க்கல.”

தேய்ப்பது நின்றது. அய்யாவு திரும்பவில்லை.

பிரவீனா குரலைத் தாழ்த்தினாள். “வயித்தைத் திறந்ததால பரவலப்பா. திறக்கும்போதே எல்லா இடத்துக்கும் போயிருக்கும். இனி வெட்டி எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் மூடியிருப்பாங்க.”

“அப்ப எப்படிம்மா போச்சு? ஓர் இடத்துல கிடக்கிற சதை, கை காலு இல்லாதது, தானா எழுந்து நடந்துச்சா?”

“ஆமாம்ப்பா. நடக்கும்.”

“அலமாக்,” என்றார் அய்யாவு, சுவரைப் பார்த்தபடியே.

அவள் கைப்பேசியைத் துடைத்து மசாலா மேசைமேல் வைத்தாள். திரை முழுவதும் ஒரே பச்சை. சுத்தமான, சமமான, ஒளிவிடுகிற பச்சை.

“இது என்ன, பாடாங்கா? பந்து விளையாடுற இடம் மாதிரி இருக்கு.”

“ஜெலட்டின்ப்பா. எலும்பு சூப்பு ஆறினா கட்டியா நிக்குமே, அதேதான். ஒளிர்ற சாயம் ஏத்தி, கண்ணாடியில மெல்லிசா பூசியிருக்கோம். அதுமேல கான்சர் செல்லை விட்டோம். உங்களுக்கு வந்திருக்கே, அந்தச் சுரப்பியோட கான்சர்தான். யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து ரொம்ப வருஷமா வளர்க்கிறது.” விரலால் தள்ளினாள். “இது அடுத்த நாள்.”

அதே பச்சை. ஆனால் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். அடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். புள்ளிகள் குழிகளாயின. அந்துப்பூச்சி தின்ற பட்டுச்சேலைபோல, பச்சைக்குள் வட்ட வட்டமாய் இருட்டு.

“யாரு ஓட்டை போட்டா?”

“செல்லுதான். நின்ன இடத்துல கரைச்சிருச்சு.”

கமலநாதன் இஞ்சியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சமையலில் எதையாவது ருசி பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் வரும் ஒரு அமைதி வந்தது.

“எதை வெச்சு?”

“அதோட தோல்மேலயே என்சைம் இருக்கும்ப்பா. ஒட்டிக்கிட்டு நிக்கும். கத்திரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. உடம்புல செல்லுங்களைச் சுத்தி நாரும் சவ்வுமா ஒரு வலை இருக்கு. வேலி மாதிரி. நல்ல செல்லு அந்த வேலிக்குள்ளயே இருக்கும். இது கால் நீட்டும். கால்னா, உடம்புல இருந்தே மெல்லிசா ஒரு முனை. அந்த முனையில போய்க் கத்திரி எல்லாம் கூடிக்கும். தொட்ட இடம் கரையும், கரைஞ்ச இடத்துல கால் வைக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் நீட்டும்.”

“கண்ணு தெரியுமா அதுக்கு?”

“தெரியாது.”

“கண்ணு இல்லாம வழி போடுதா.”

“இன்னொண்ணும் இருக்கு. சில கத்திரி உறை போட்டு மூடினபடி தூங்கிட்டு இருக்கும். முழிச்சிருக்கிற கத்திரி போய் அந்த உறையை வெட்டும். உடனே அதுவும் வெட்ட ஆரம்பிக்கும். அப்படியே சுரப்பியோட தோலைத் தாண்டி ரத்தக்குழாய்க்குள்ள பூந்துட்டா, அப்புறம் ரத்தமே தூக்கிட்டுப் போயிடும். இந்தக் கான்சருக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எலும்பு.”

எலும்பு என்றதும் கமலநாதன் தன்னையறியாமல் இடுப்பில் கை வைத்தார்.

“ஒரு சந்தேகம்மா,” என்றார். “இவ்ளோ கேடு பண்ற கத்திரியை உடம்புல எவன் கொண்டாந்து வெச்சான்?”

பிரவீனா அவருடைய இடது முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். அங்கே நீளமாய் ஒரு தழும்பு. எப்போதோ பாராங் வழுக்கி இறங்கிய இடம். “இதுக்குத்தான் வெச்சான். வெட்டுன காயத்துல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிட்டு இருக்கும்ல? புதுத் தோலு உள்ள வரணும்னா அந்தக் கட்டியை வெட்டி வழி பண்ணணும். அப்போ நல்ல செல்லும் இதே மாதிரி கத்திரியைத்தான் எடுக்கும். வேலை முடிஞ்சா வெச்சுரும். கான்சர் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலப்பா. வீட்டுல இருந்த கத்திரியைத்தான் எடுத்துக்கிச்சு. கீழ வைக்க மாட்டேங்குது, அவ்ளோதான்.”

கமலநாதன் தழும்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஒரு கணம் இறங்கி வந்துவிடுவார்போல் இருந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

“உன் கண்ணாடிமேல செய்யும்மா. என் உடம்பு கண்ணாடியா? இத்தனை வருஷமா கறி வெட்டுறேன். சவ்வு எவ்ளோ கெட்டின்னு எனக்குத் தெரியும். கத்தி போடாம அது விடாது.”

“அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா தேதியை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“வியாழக்கிழமை செடெனாக்ல பூசை இருக்கு. அதை முடிச்சிட்டுப் பார்க்கலாம்.”

அவள் போன பிறகு அய்யாவு குவாலியைக் கவிழ்த்துவிட்டு வந்தார். “பாப்பா படிச்ச புள்ள, அண்ணே. ஆனா எங்கண்ணனைப் பைக்ல பின்னாடி உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நானு. நான் கூட்டிட்டுப் போகலன்னா இன்னும் இருந்திருப்பான்.” குரல் எப்போதும்போல் இல்லை. “நீங்க போவாதீங்கண்ணே.”

செடெனாக்கில் செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில். தோட்டத்து வீடுகள் போய்விட்டன, கோயில் நிற்கிறது. தோட்டத்தை விட்டுக் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் போன குடும்பங்கள் வருஷத்துக்கொரு முறை வந்து கிடா வெட்டிப் படையல் போடும். கமலநாதன் மூன்று தலைமுறைக்கு அங்கே சமைத்திருக்கிறார்.

அந்தக் கோயிலில் இரண்டு கட்டுப்பாடு. சாமி இறங்கி உத்தரவு கொடுக்கிற வரை அடுப்பில் நெருப்பு வைக்கக்கூடாது. சாமிக்கென்று உப்பும் மஞ்சளும் போட்டுவிட்ட கறியைத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கழுவினால் அது படையலுக்கு ஆகாது.

கிடாக்கள் எல்லாம் நேர்ந்துவிட்டவை. விற்காமல், கொல்லாமல், வேண்டுதலுக்காகவே வளர்ந்து முற்றிப்போனவை. அந்தக் கறி வேக அரைநாள் ஆகும். உத்தரவு வந்த பிறகு ஜனம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே கமலநாதன் ஒரு வேலை செய்வார். பச்சைப் பப்பாளிக்காயைப் பாலோடும் தோலோடும் அரைத்து வைத்துக்கொள்வார். உறுமி மேளம் உச்சத்துக்குப் போய், சாமியாடியின் கால் தரையில் நிலைகொள்ளாமல் போகிற நேரம் பார்த்து விழுதைக் கறியில் போட்டுப் பிசைவார். உத்தரவு வருவதற்கும் கறி இளகுவதற்கும் சரியாக இருக்கும். பப்பாளியை முன்னாலேயே போட்டுவிடக்கூடாது. அதை அவர் தூக்கத்திலும் மறந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மறந்தார்.

மனம் அங்கே இல்லை. கிடாவின் இடுப்பெலும்பை வெட்டும்போது கை நின்றது. இங்கேதான் அது போகும் என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. வெட்டி முடித்துச் சவ்வைத் தடவிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, ஈரமாய், நகத்தால் கீறினாலும் கிழியாத கெட்டி. இதை எது கரைக்கும் என்று தனக்குள்ளே வாதாடிக்கொண்டே உப்பைப் போட்டார், மஞ்சளைப் போட்டார், கை போன போக்கில் பப்பாளி விழுதையும் போட்டுப் பிசைந்து அண்டாவை மூடினார். மேளக்காரர்கள் அப்போதுதான் வேனிலிருந்து மேளத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே,” என்றார் அய்யாவு. “பப்பாளியா போட்டீங்க?”

கமலநாதன் தன் கையைப் பார்த்தார். விழுது விரலிடுக்கில் பச்சையாய் ஒட்டியிருந்தது.

“சரி விடு. மேளத்தைச் சீக்கிரம் அடிக்கச் சொல்லு.”

மேளம் அடிப்பதற்குள் மழை பிடித்தது. செம்பனை ஓலைகளில் சரளைக்கல் கொட்டுவதுபோன்ற மழை. தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஒண்டினார்கள். உறுமியின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோனது. அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல் பொத்துப் பொத்தென்றது. சாமியாடி யுகேந்திரன், மற்ற நாளில் பாசிர் கூடாங்கில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர், வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாய்க் குந்தியிருந்தார்.

அய்யாவு பக்கத்தில் போய்க் கேட்டார், “தம்பி, சாமி எங்க வந்துட்டு இருக்கு?”

“சத்தமே கேக்கலண்ணே. எப்படி வரும்?”

“ஹைவே ஜாம் போல.”

“சாமியைக் கிண்டல் பண்ணாதீங்கண்ணே, அப்புறம் என்னைத்தான் காச்சாவ் பண்ணிப் பாடாப்படுத்தும்.”

மேளக்காரர்கள் சட்டைத் துணியால் தோலைத் துடைத்தார்கள். சூடு காட்டலாம் என்றால் நெருப்பு வைக்கக்கூடாது. கார் எஞ்சின்மேல் வைத்துக் காயவைத்துப் பார்த்தார்கள். மழை விடவில்லை. புழுக்கமான மழை. கூரைக்குக் கீழே காற்றே இல்லாத சூடு. அண்டா மூடியபடி இருந்தது. கழுவ முடியாது, அடுப்பில் ஏற்ற முடியாது. கமலநாதன் அதைப் பார்க்கவே கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மழை ஓய்ந்து வானம் வெளிறத் தொடங்கியபோதுதான் போய் மூடியைத் திறந்தார்.

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டங்கள் வைத்தது வைத்தபடி, மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தன. நிம்மதியோடு ஒன்றைத் தூக்கப் பார்த்தார். விரல் உள்ளே போனது. அழுத்தவே இல்லை, தயிருக்குள் போவதுபோல் போனது. தொடையெலும்பின் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். எலும்பு தனியாக வந்தது. அதைச் சதையோடு பிடித்துவைத்திருந்த எதுவும் இப்போது பிடித்திருக்கவில்லை. காலையில் நகத்துக்கும் அசையாமல் நின்ற அந்த வெள்ளைச் சவ்வு இருந்த இடத்தில் கொழகொழப்பாய் ஒரு ஈரம் மட்டும். எலும்பு நக்கி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது.

கமலநாதன் அந்த எலும்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கூரை விளிம்பிலிருந்து கடைசித் துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

சத்தமே கேட்கவில்லை என்று நினைத்தார். இவ்வளவு நேரம் அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். மூடிய அண்டாவுக்குள், இருட்டில், கண் இல்லாத ஒன்று நாரை ஒவ்வொன்றாய் அவிழ்த்திருக்கிறது. பாராங் ஓங்கவேண்டும், சத்தம் வரவேண்டும், சில்லு தெறிக்கவேண்டும், அதுதான் வெட்டு என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க அவர் பப்பாளியையும் அரைத்திருந்தார். மகளுடைய பச்சைப் படம் கண்முன் வந்தது. அந்தக் கறுப்புக் குழிகள். தொட்ட இடம் கரையும், கரைந்த இடத்தில் கால் வைக்கும். தன் அடிவயிற்றுக்குள், டுக்குப் பழம் அளவான இடத்தில், இந்த நிமிஷம், மழைக்குக்கூட நிற்காமல்.

பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாய் வேறொன்று. ஆடிக் காற்றில் பனைமரம் மொத்தமாய்த் தலை சாய்ப்பதைப் பார்க்கும்போது வருகிற மாதிரி ஒன்று.

கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார். பிரவீனா எடுத்ததும், “அந்தத் தேதி இன்னும் இருக்காம்மா?” என்றார்.

“எந்தத் தேதிப்பா?”

“கத்தித் தேதிதான். வேற என்ன, கல்யாணத் தேதியா?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “இருக்குப்பா. நான் இப்பவே பேசுறேன்.”

அய்யாவு கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். முகம் கறுத்துவிட்டது. “அண்ணே, நான் அவ்ளோ சொல்லியும்...”

கமலநாதன் எலும்பை அவர் கையில் கொடுத்தார். “இதை யாரு வெட்டுனா?”

“இது... யாரும் வெட்டல. பப்பாளி.”

“கத்தி பட்டுச்சா?”

“இல்ல.”

“காத்துப் பட்டுச்சா? மூடித்தானே இருந்துச்சு?”

அய்யாவு எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அதன் குமிழைத் தடவினார். அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து கமலநாதன் பார்த்ததில்லை.

“அப்ப எங்கண்ணனுக்கு...”

“நீ பைக்ல ஏத்துறதுக்கு முந்தியே போயிருச்சுடா. உன் பின்னாடி உக்காந்து வரும்போதே போயிருச்சு.”

அய்யாவு எலும்பை அண்டா ஓரத்தில் வைத்தார், தூங்குகிற எதையோ வைப்பதுபோல. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

வெயில் வந்தது. மேளத்தோல் இறுகியது. சாமி வந்தது, உத்தரவும் வந்தது. அடுப்பில் ஏற்றினால் அண்டாவில் கறியே இருக்காது, கூழ்தான் இருக்கும் என்று தெரிந்த கமலநாதன், கிழங்கை வேகவைத்துப் போட்டு, மிளகைத் தூக்கலாய்த் தட்டிப்போட்டு, அதையே கைமா என்று இறக்கினார். எலும்பையெல்லாம் தனியே சூப்பு வைத்தார். படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. இலை வழித்தவர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள்.

“கமலண்ணே, இது புது ஐட்டமா? பல்லுக்கு வேலையே இல்ல!” என்றார் யுகேந்திரன்.

“சாமி லேட்டா வந்தா இப்படித்தான் லா,” என்றார் அய்யாவு. குரல் திரும்பியிருந்தது.

அறுவை நடந்தது. அடிவயிற்றில் சின்னச் சின்னதாய் ஐந்தாறு தையல், மூத்திரம் போக ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு பை. அய்யாவு பார்க்க வந்தவர் பையைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, தேத்தண்ணியைப் பையில கட்டித் தாப்பாவ் வாங்கிட்டு வந்தீங்களா?” என்றார். சிரித்தால் தையல் இழுக்கிறது, அவனை வெளியே அனுப்பு என்று கமலநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். கஸ்தூரி அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

எடுத்த சுரப்பியைச் சோதித்த முடிவு பிறகு வந்தது. டாக்டர் கிருஷ்ணகுமாரி பழைய தாளையே எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். வட்டத்தின் விளிம்பில், ஒரு பக்கமாய், சின்னதாக ஒரு கோடு போட்டார்.

“இந்த இடத்தில தோலைக் கரம்பித் தின்னத் தொடங்கியிருக்கு, ஐயா. பாதி போயிட்டுது. ஆனா தாண்டேல்ல. அதோட சேர்த்துத்தான் எடுத்திருக்கிறம். இனியும் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு இருக்க வேணும்.”

கமலநாதன் அந்தக் கோட்டையே பார்த்தார். டாக்டருக்கு அது பேனாக் கோடு. அவருக்கு அங்கே ஒரு கால் தெரிந்தது. நீட்டிய கால். நுனியில் கூடிய கத்திரிகள். பாதித் தோலுக்குள் தலைநுழைத்து, அடுத்த நாரைத் தேடிக்கொண்டிருந்த ஒன்று.

“வாசல் வரைக்கும் வந்துருச்சும்மா,” என்றார் மெதுவாக. பகையாளியைப் பற்றிப் பேசும் குரலில்லை அது.

வீட்டுக்கு வந்த சில நாளில் தையல் போட்ட இடம் அரிக்கத் தொடங்கியது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாய் விழுந்துகொண்டிருந்தது. கமலநாதன் சட்டையைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். பிரவீனா மருந்து வைக்க வந்தாள்.

“அரிக்குதும்மா. சொறியலாமா?”

“கை வைக்காதீங்க. ஆறுதுப்பா. அதான் அரிக்குது.”

“ஆறுதுன்னா, உள்ள இப்ப அந்தக் கத்திரி...?”

“ஆமா. வேலை நடக்குது.”

“அதே கத்திரியா?”

“அதே மாதிரிதான். இதுங்க நல்ல புள்ளைங்க. முடிச்சதும் வெச்சுரும்.”

அவர் மூச்சை மெல்ல விட்டார். கண்ணாடியில் தெரிந்த வயிற்றை, ஏதோ அன்றுதான் யாரோ கொண்டுவந்து கொடுத்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த ஒரு தையலின் ஓரத்துக்கு மேலே, தொடாமல், விரலை நீட்டி வைத்துக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை.

கைப்பேசி அடித்தது. அய்யாவு, கூலாயில் ஒரு கோயில் படையலிலிருந்து. பின்னால் உறுமி அதிர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கிடா முத்தல். பப்பாளி போட்டுறவா?”

“சாமியாடி கால் தரையில நிக்குதா?”

“இன்னும் நிக்குதுண்ணே.”

“அப்ப கைய எடு. பொறு,” என்றார் கமலநாதன், விரலைத் தையலுக்கு மேலே அப்படியே வைத்தபடி. “நான் போன்லயே இருக்கேன்.”